இலங்கையின் வரிச்சலுகையை நிறுத்தச் சொன்னால் நம் படகுகள் திரும்பி வருமா?

தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் விசைப்படகு அக்கரையில், இலங்கைப் பக்கம் பிடிபட்டது. அப்பா சில வாரம் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பினார், படகு திரும்பவில்லை. காவலில் இருந்தபோது அடித்தார்கள் என்று அப்பா சொல்கிறார். தம்பி எழுதியது இது: "மனித உரிமையை மதிக்காத நாட்டுக்கு வர்த்தக அந்தஸ்தை மறுக்கிற சட்டம் அமெரிக்காவில் இருக்கிறதாம், ரஷ்யாவை அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்களாம். ஐரோப்பாவும் ஒருமுறை இலங்கைக்குச் சலுகையை நிறுத்தியதாம். அதே வழியில் நாம் ஏன் போகக்கூடாது? இந்தியா ஏன் இப்படி ஒரு சட்டம் போடவில்லை?" கேட்டது சட்டத்தைப் பற்றி. உள்ளே இருப்பது வேறு இரண்டு கேள்விகள். படகு வருமா? அடித்ததற்கு யாராவது பதில் சொல்வார்களா? அந்த இரண்டுக்கும் தனித்தனிப் பதில்கள் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் பாம்பனில் பிறந்தவன். 27 வருடமாகத் தூத்துக்குடியில் கடலுணவுக் கன்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கிறேன். எந்த நாட்டுக்கு எந்தச் சரக்கு போனால் என்ன வரி, என்ன சான்றிதழ், எந்தச் சட்டத்தால் தடை என்பதுதான் என் தொழில். கோர்ட்டில் வாதாடும் வக்கீல் இல்லை. ஆகவே வரி, சான்றிதழ், தேதி பற்றிச் சொல்வதை உறுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டங்களால் நல்லது நடந்ததா என்று நான் சொல்லும் இடங்களை ஒரு அனுபவஸ்தனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'மிகவும் விருப்பத்துக்குரிய நாடு' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதில் தனி விருப்பம் எதுவும் கிடையாது. மற்றவர்களுக்குப் போடும் அதே வரியைத்தான் உனக்கும் போடுவேன், கூட்ட மாட்டேன் என்று அர்த்தம். இந்தப் பெயர் ஆட்களைத் திசைதிருப்புகிறது என்றுதான் அமெரிக்கர்கள் 1998-இல் அதை 'இயல்பான வர்த்தக உறவு' என்று மாற்றினார்கள். இரண்டாவது வகை வேறு. வளரும் நாடுகளுக்கு அந்த இயல்பான வரியையும் குறைத்துக் கொடுக்கும் சலுகை அது. ஜிஎஸ்பி என்பார்கள். நம் கரையின் பேச்சில் சொன்னால், ஏலத்தில் எல்லாருக்கும் ஒரே தராசு வைப்பது முதல் வகை. வியாபாரி தன் வாடிக்கைப் படகுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிப் போடுவது இரண்டாம் வகை. தராசை மாற்றினால் அது அநியாயம். கூட்டிப் போட்ட இரண்டு ரூபாயை நிறுத்தினால் வருத்தப்படலாம், வழக்குப் போட முடியாது. ரஷ்யா விஷயம் முதல் வகை, இலங்கை விஷயம் இரண்டாம் வகை. இந்த வித்தியாசம் தெரியாமல் பேசினால் மேற்கொண்டு எதுவும் விளங்காது.

ரஷ்யா கதைக்கு வருகிறேன். 1972-இல் சோவியத் அரசு ஒரு வரி போட்டது. படித்தவர்கள் நாட்டை விட்டுக் குடிபெயர வேண்டுமானால், அரசு தங்கள் படிப்புக்குச் செலவழித்ததைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் அடிபட்டவர்கள் இஸ்ரேலுக்குப் போக விரும்பிய யூதர்கள். அந்த நேரத்தில் அமெரிக்கா சோவியத்துக்கு இயல்பான வரி அந்தஸ்து கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தது. வாஷிங்டன் மாநில செனட்டர் ஹென்றி ஜாக்சனும் ஒகையோவைச் சேர்ந்த சார்லஸ் வானிக்கும் குறுக்கே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 1974-ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தில் அது 402-ஆம் பிரிவாக ஏறியது. 1975 ஜனவரி 3 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். குடிமக்களுக்கு வெளியேறும் உரிமையை மறுக்கிற, அல்லது வெளியேறப் பெயரளவுக்கு மேல் வரி வாங்குகிற கம்யூனிச நாட்டுக்கு இயல்பான வரி கிடையாது, 1930-ஆம் ஆண்டின் பழைய உயர்ந்த வரிதான் என்று அந்தப் பிரிவு சொன்னது. அதிபர் விலக்கு கொடுக்கலாம், ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போதெல்லாம் நாடாளுமன்றம் எதிர்க்கலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. அந்தச் சட்டம் மனித உரிமை முழுவதையும் கையில் எடுக்கவில்லை. சித்திரவதை, பத்திரிகைச் சுதந்திரம், தேர்தல் எதுவும் அதில் இல்லை. வெளியேறும் உரிமை என்ற ஒன்றே ஒன்று. மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாமைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஒன்று சின்ன விஷயமாகத் தெரியவில்லை. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களையும், 2022-இல் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் அரிச்சல்முனை மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்களையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. போக வழி இருக்கிறவனுக்குத்தான் இருக்கிற இடத்திலும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு உரிமையைப் பிடித்தால் மற்றதெல்லாம் விட்டுப்போகும் என்பதற்கு ருமேனியா உதாரணம். சவுசெஸ்கு ஆட்சியில் சொந்த மக்கள் குளிரிலும் பசியிலும் கிடந்தார்கள். குடிபெயர்வுக்குக் கொஞ்சம் கதவு திறந்ததால் 1975 முதல் வருடா வருடம் விலக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது. கேள்விகள் கடுமையானபோது 1988-இல் அந்த ஆட்சியே அந்தஸ்து வேண்டாம் என்று விட்டுவிட்டது.

சோவியத் பணிந்ததா? கையெழுத்தான அதே மாதத்தில், 1975 ஜனவரியில், அவர்கள் அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தமே வேண்டாம் என்றார்கள். அதே காலத்தில் அமெரிக்கா சோவியத்துக்கான அரசுக் கடனுக்கு 30 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்ததும் ஒரு காரணம். அதுதான் பெரிய காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. 1973-இல் ஏறக்குறைய 35,000 யூதர்கள் வெளியேறினார்கள். சட்டம் வந்த 1975-இல் அது 13,000 அளவுக்கு இறங்கியது. 1979-இல் 51,000 அளவுக்கு ஏறியது. 1980-களின் நடுவில் வருடத்துக்கு ஆயிரம் பேர்கூட இல்லை. கோர்பச்சேவ் காலத்தில் மறுபடி வெள்ளம்போல் போனார்கள். இத்தனை வருடமும் சட்டம் அப்படியே இருந்தது, எண்ணிக்கைதான் கடல் மாதிரி ஏறி இறங்கியது. இரு வல்லரசுகளின் உறவு நன்றாக இருந்தபோது ஏறியது, கெட்டபோது இறங்கியது என்று படிப்பவர்கள் ஒரு பக்கம். பேரம் பேச ஒரு பிடி இருந்ததால்தான் 1979-உம் 1989-உம் நடந்தன என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ரஷ்யாவைப் பணியவைத்த சட்டம் என்று ஒரே வரியில் முடிக்க மட்டும் முடியாது.

சீனாவின் கதை இதைவிட உங்களுக்கு உபயோகப்படும். 1980-இலிருந்து சீனாவுக்கும் அதே பிரிவின் கீழ் வருடாந்திர விலக்குதான். 1989-இல் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்ட பிறகு, ஒவ்வொரு கோடையிலும் வாஷிங்டனில் இது பெரிய சண்டையானது. நிபந்தனை வைக்கும் மசோதாக்களை மூத்த புஷ் வீட்டோ செய்தார். கிளிண்டன் 1993 மே மாதம் உத்தரவு போட்டார்: குடிபெயரும் உரிமை, சிறைக்கைதிகள் செய்த சரக்கு, இந்த இரண்டிலும் கட்டாயம் மாற்றம் வேண்டும், மற்றவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்தஸ்து இல்லை. ஒரு வருடம் ஓடியது. சீனா பெரிதாக அசையவில்லை. 1994 மே 26 அன்று அதே கிளிண்டன், வர்த்தகத்தையும் மனித உரிமையையும் இனி பிரித்துவிடுகிறோம் என்று அறிவித்தார். விமானம் விற்கிறவர்கள், கோதுமை விற்கிறவர்கள், சீனாவில் தைத்து வாங்குகிறவர்கள், எல்லாரும் நெருக்கிய நெருக்கில் நிபந்தனை உடைந்தது. 2000 அக்டோபரில் நிரந்தர அந்தஸ்துக்கான சட்டம் வந்தது, 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. எதிராளி பெரிய சந்தையாக இருந்தால் மிரட்டுகிறவனுக்கே கை நடுங்கும் என்பதை அந்த ஒரு வருடத்தில் எல்லா நாடுகளும் பார்த்துக்கொண்டன. செய்யப் போவதில்லை என்று தெரிந்த மிரட்டல், மிரட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

அதன் பிறகு அமெரிக்கர்கள் வழியை மாற்றினார்கள். 2012 டிசம்பரில் ரஷ்யாவுக்கு ஜாக்சன்–வானிக் நிபந்தனையை எடுத்தபோது, அதே சட்டத்தில் மாக்னிட்ஸ்கி பெயரால் வேறொன்றைச் சேர்த்தார்கள். சிறையில் இறந்த ஒரு வரி ஆலோசகரின் பெயர் அது. நாட்டைத் தண்டிக்காமல் குற்றம் செய்த அதிகாரிகளின் விசாவையும் வங்கிக் கணக்கையும் முடக்குவது. 2021 டிசம்பரில் கையெழுத்தான உய்குர் சட்டம், உய்குர் முஸ்லிம்கள் வாழும் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உருவான சரக்கை மட்டும் பிடிக்கிறது. கட்டாய உழைப்பு இல்லை என்று இறக்குமதி செய்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். ஐரோப்பாவும் கட்டாய உழைப்பில் உருவான பொருளைத் தடுக்கும் சட்டத்தை 2024-இல் நிறைவேற்றியது, 2027 டிசம்பரில் அமலாகிறது. நாடு என்பதிலிருந்து ஆள், சரக்கு என்று கூர்மையாகிக்கொண்டு வருகிறது இந்தச் சட்டம். எனக்கு இது நல்ல திசையாகத்தான் படுகிறது.

இப்போது இலங்கை. ஜிஎஸ்பி பிளஸ் என்று ஐரோப்பிய ஒன்றியம் கொடுப்பது சாதாரணச் சலுகைக்கும் மேலே ஒரு படி. 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று, நடைமுறையிலும் காட்ட வேண்டும். அதற்குப் பதிலாகப் பெரும்பாலான சரக்குக்கு வரி பூஜ்யம். ஆடைக்கு ஐரோப்பாவின் சாதாரண வரி 12 சதவீதம், வெறும் ஜிஎஸ்பியில் 9.6, பிளஸ் என்றால் ஒன்றுமில்லை. சுனாமிக்குப் பிறகு 2005-இல் இலங்கைக்கு இது கிடைத்தது. 2008-இல் ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியது. குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கை, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, இந்த மூன்றும் மீறப்பட்டன என்று 2009 அக்டோபர் அறிக்கை சொன்னது. எழுத்தில் வாக்குறுதி கொடுத்தால் நீட்டிக்கிறோம் என்று கடைசி வாய்ப்பும் கொடுத்தார்கள். கொழும்பு மறுத்தது. 2010 ஆகஸ்ட் 15 முதல் சலுகை நின்றது. ஆட்சி மாறிய பிறகு விண்ணப்பித்து, 2017 மே 19 முதல் திரும்பப் பெற்றார்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான்.

என்ன நடந்தது என்று கேட்டால் என் பதில் கலப்படமானது. ஆடை ஏற்றுமதி சரிந்து விழவில்லை. வெறும் ஜிஎஸ்பி கையில் இருந்ததால் அடி 9.6 சதவீதத்தோடு நின்றது. அரசு மனம் மாறவும் இல்லை, அந்த ஏழு வருடத்தில் ஐந்து வருடம் அசையாமலே ஓடியது. மாற்றம் 2015 தேர்தலில் இலங்கை மக்களின் கையால் வந்தது. வந்த பிறகு, சலுகையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற ஆசை சில நல்ல காரியங்களைத் தள்ளிக்கொண்டு போனது. காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையை 2016-இல் ஏற்றார்கள், பயங்கரவாதத் தடைச்சட்டத்தை மாற்றுவோம் என்றார்கள். 1979-இன் அந்தத் தடைச்சட்டத்துக்கு 2022-இல் ஒரு திருத்தம்தான் வந்தது, அதுவும் 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் சலுகையை மறுபடி நிறுத்தப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகு. நான் பார்த்தவரை சலுகை கையில் இருக்கும்போதும், போன சலுகை திரும்பி வரப்போகும்போதும்தான் அந்த அரசு காது கொடுத்துக் கேட்டது. சலுகை இல்லாத ஆண்டுகளில் ஐரோப்பாவின் பேச்சுக்கு அங்கே எடை இல்லை.

யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, வவுனியா பக்கமும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே வேலை பார்ப்பது நம் தமிழ்ப் பிள்ளைகள், பலர் அப்பனையோ புருஷனையோ போரில் இழந்தவர்கள். உங்கள் அப்பாவை அடித்தவனுக்கும் அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சலுகையை வெட்டுங்கள் என்று நாம் கேட்கும்போது அந்தப் பிள்ளையின் வேலையையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். அதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். 2020 ஆகஸ்டில் கம்போடியாவுக்கு ஐரோப்பா எல்லாவற்றையும் வெட்டாமல் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் சலுகையை எடுத்ததற்கு இந்த யோசனையும் ஒரு காரணம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, நம் கரையிலேயே பட்டது. கடலாமை வலையில் சிக்கிச் சாகிறது என்று அமெரிக்கா 1989-இல் ஒரு சட்டம் போட்டது, 609-ஆம் பிரிவு என்பார்கள். இறால் மடியில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாத நாட்டின் கடல் இறாலை வாங்க மாட்டோம் என்றார்கள். 1996-இல் அது நமக்கும் நீண்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. நோக்கம் சரி, நாடுகளுக்கிடையே பாரபட்சமாக அமல்படுத்தியது தவறு என்றார்கள். வென்றோம் என்று இங்கே இனிப்பு கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் சட்டம் சாகவில்லை, அமல்படுத்தும் முறையைத் திருத்திக்கொண்டு உயிரோடு இருந்தது. 2018-இல் இந்தியாவின் சான்று போனது. இன்றைக்கும் அமெரிக்காவுக்கு இறால் ஏற்றினால் டிஎஸ்-2031 என்று ஒரு படிவம் வைக்க வேண்டும். பண்ணை இறால் என்றால் அதற்கான கட்டத்தில் டிக் அடித்தால் போகும். கடல் இறாலுக்கு அந்த வழி இல்லை.

சான்று போன அந்த வருடம் ஒரு கம்பெனிக்காக நான் தயார் செய்த கன்டெய்னர் ஒன்றில் கடல் இறாலும் இருந்தது. வாங்குகிறவர் வேண்டாம் என்றார். பெட்டி பெட்டியாகப் பிரித்து, வேறு நாட்டுக்கு, குறைந்த ரேட்டுக்குப் போயிற்று. அந்த நட்டத்தைக் கம்பெனி ஏற்கவில்லை, வியாபாரி ஏற்கவில்லை. அடுத்த மாதம் கரையில் ரேட்டைக் குறைத்துக்கொண்டார்கள். படகுக்காரன் பங்கில் இறங்கியது, தலை கிள்ளுகிற பெண்களுக்கு வேலை நாள் குறைந்தது. அவர்களில் ஒருவர் என்னிடம், "ஆமையை நாங்க என்னய்யா பண்ணோம்?" என்று கேட்டார். ஆமைக்குப் பரிந்து பேசும் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை. சின்ஜியாங்கோ கிளிநொச்சியோ, வர்த்தகத் தடை என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது.

உங்கள் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த 27 உடன்படிக்கைகளில் மனித உரிமையும் தொழிலாளர் உரிமையும் சேர்த்து 15, மிச்சம் சுற்றுச்சூழல், போதைப்பொருள், ஊழல் பற்றியவை. கடல் சட்ட உடன்படிக்கை அந்தப் பட்டியலில் இல்லை. சொத்துரிமையும் குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கையில் இல்லை. ஆகவே படகைப் பறித்து வைத்திருப்பதை வைத்து ஜிஎஸ்பி பிளஸ் கதவைத் தட்டினால் திறக்காது. இது உறுதி. இன்னொரு சங்கடமும் உண்டு. தன் பொருளாதார மண்டலத்தில் பிடித்த மீனவரைச் சிறையில் போடக்கூடாது, பிணை வாங்கி உடனே விட வேண்டும் என்று கடல் சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்கிறது என்று மேடைகளில் சொல்கிறார்கள். பிரிவு உண்மைதான். ஆனால் பாக் நீரிணைப் பகுதியை 1974 ஒப்பந்தம் இரு நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பாக எடுத்துக்கொண்டு எல்லை போட்டது. நம் படகுகள் பெரும்பாலும் பிடிபடுவது அந்தத் தண்ணீரில். பொருளாதார மண்டல விதி அங்கே அப்படியே பொருந்தும் என்று எந்த வக்கீலும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

அடித்த விஷயம் அப்படி இல்லை. காவலில் வைத்து அடிப்பது சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கைக்குள் வருகிறது, குடியியல் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவுக்குள் வருகிறது. பிடிபட்டவர் எந்த நாட்டுக்காரர், எல்லை தாண்டினாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே கிடையாது. தப்பு செய்தவனையும் அடிக்கக்கூடாது என்பதுதான் அந்த உடன்படிக்கை. இலங்கை அதில் கையெழுத்திட்ட நாடு, அதைக் காட்டித்தான் சலுகையும் வாங்குகிறது. கதவு இங்கேதான் இருக்கிறது.

ஆனால் தட்டுவதற்கு முன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும், மறைக்காமல் சொல்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கடல் மீன் சரக்குக்கும் 2010 ஜனவரி முதல் கேட்ச் சர்டிபிகேட் வேண்டும். எந்தப் படகு, எந்தக் கடல், எந்தத் தேதி என்று கேட்கும் காகிதம். நம் நாட்டில் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் வழியாகத்தான் வாங்குகிறோம். அடுத்த நாட்டுக் கடலில் அனுமதியில்லாமல் பிடித்த மீனுக்கு அந்தக் காகிதம் செல்லாது. இதே சட்டத்தில்தான் ஆழ்கடல் மீன்பிடியில் ஒழுங்கில்லை என்று இலங்கை மீனை 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை ஐரோப்பா தடுத்து வைத்திருந்தது. 2017-இல் இலங்கை, கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியையே தடை செய்துவிட்டது. ஐரோப்பாவின் மேஜையில் நம் குறையை வைத்தால், யாழ்ப்பாணத்து மீனவர்கள் இழுவைமடியால் கிழிந்த தங்கள் வலைகளைக் கொண்டுவந்து அதே மேஜையில் வைப்பார்கள். அவர்களும் தமிழர்கள், அவர்கள் சொல்வதிலும் பொய் இல்லை. படகு, எல்லை, மீன் என்று போனால் பேச்சு அங்கே போய் முட்டும். அடி, காவல், சிறை என்று போனால் முட்டாது.

இந்தியா ஏன் இப்படிச் சட்டம் போடவில்லை என்பதற்கு நேரான பதில்: இந்தியா இந்தக் கருவியை ஒருமுறை உலகத்துக்கே முன்னோடியாக எடுத்தது, பிறகு பிறர் அதை நம்மீது திருப்புவார்கள் என்று பயந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரின் நில உரிமையைப் பறித்ததற்காக 1946-இல் அந்நாட்டுடன் வர்த்தகத்தையே நிறுத்தியது. வேறு எந்த நாடும் அதுவரை செய்யாதது. அந்தத் தடை 1993 வரை நீடித்தது. அமெரிக்கா தன் நிறவெறி எதிர்ப்புச் சட்டத்தை, ரீகனின் வீட்டோவைத் தாண்டி, 1986-இல்தான் கொண்டுவந்தது. ஆனால் உலக வர்த்தக விதிகளில் தொழிலாளர் நிபந்தனை சேர்க்கலாம் என்று பணக்கார நாடுகள் பேசியபோது இந்தியா எதிர்த்து நின்றது, 1996 சிங்கப்பூர் மாநாட்டில் அது தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின் வேலை என்று முடிவானது. நம் ஊர் பீடியும் தீப்பெட்டியும் அந்த நிபந்தனையில் சிக்கும் என்று தெரிந்துதான் எதிர்த்தார்கள். புல்வாமாவுக்குப் பிறகு 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானின் அந்தஸ்தை எடுத்து 200 சதவீத வரி போட்டது மனித உரிமைக்காக இல்லை, பாதுகாப்புக்காக. 2000-இல் அமலுக்கு வந்த இந்திய–இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தில் மனித உரிமைக் கட்டு எதுவும் கிடையாது. டெல்லி அப்படி ஒன்றைப் போடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போட்டால் இலங்கை எங்கே திரும்பும் என்பதை, சீனாவின் கைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பார்த்தால் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? ஜிஎஸ்பி பிளஸில் ஐரோப்பிய ஆணையம் தானாகப் போய்த் துப்புத் துலக்குவது குறைவு. ஐ.நா.வின் உடன்படிக்கைக் குழுக்கள் அந்த நாட்டைப் பற்றி எழுதும் முடிவுரைகளை வைத்துத்தான் பெரும்பாலும் மதிப்பிடுகிறது. சித்திரவதை எதிர்ப்புக் குழு இலங்கையை விசாரிக்கும் சுற்று வரும்போது எந்த அமைப்பும் எழுத்தில் தகவல் அனுப்பலாம். நம் மீனவர் சங்கங்கள் முதல்வருக்கும் பிரதமருக்கும் எழுதிய கடிதங்களில் நூற்றில் ஒரு பங்கு அங்கே போயிருந்தால்கூட இன்றைக்கு வேறு மாதிரி இருக்கும் என்பது என் ஆதங்கம். இன்னொரு வழி, சலுகை நிபந்தனை மீறலைப் பற்றிப் புகார் வாங்க ஐரோப்பிய ஆணையம் 2020 நவம்பரில் ஒரே இடமாக ஒரு வாசல் திறந்தது. புகார் கொடுப்பவர் ஐரோப்பாவைச் சேர்ந்தவராகவோ அங்கே பதிவான அமைப்பாகவோ இருக்க வேண்டும். அங்கே இருக்கும் ஈழத்தமிழ் அமைப்புகள் இந்த வேலையை நன்றாகத் தெரிந்தவை. பாம்பன் மீனவரும் பருத்தித்துறைக் கைதியும் ஒரே மனுவில் வந்தால் அதற்கு வரும் கனம் வேறு. அந்த மனுவில் சலுகையை வெட்டு என்று கேட்க வேண்டாம், காவலில் அடிப்பதை நிறுத்த இன்ன தேதிக்குள் இன்ன காரியம் செய் என்று கேளுங்கள் என்பேன்.

அதற்கு முன் உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். அப்பாவை உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கடலுக்குப் போன நாள், டோக்கன் நம்பர், படகின் பதிவு எண், பிடித்த நேரம், எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள், அடித்தது எங்கே வைத்து, யார் கண்ணால் பார்த்தார்கள், எந்தக் கோர்ட்டில் எத்தனை வாய்தா, அங்கே அடிபட்டதைச் சொன்னாரா, சொன்னபோது நீதவான் டாக்டரிடம் அனுப்பினாரா. வந்த பிறகு இங்கே எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள், அந்தச் சீட்டு இருக்கிறதா. கூடப் பிடிபட்ட மற்றவர்களிடமும் தனித்தனியாக, ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்காத மாதிரி எழுதி வாங்கி, நோட்டரி முன் கையெழுத்துப் போடவையுங்கள். படகு பற்றிய வழக்கு அங்கே உள்ளூர் வக்கீல் மூலம் தனியாக நடக்கட்டும், இரண்டையும் ஒரே காகிதத்தில் கலக்க வேண்டாம். எழுதி முடித்ததும் கேளுங்கள், எந்தக் குழுவுக்கு எந்தப் படிவத்தில் அனுப்ப வேண்டும் என்று வரிவரியாகச் சொல்கிறேன்.